சீனிச்சாமி அடைத்த மதகு

ஆலங்கரையில் ஆட்டை ஆற்றில் பறிகொடுத்தவர்கள் முதலில் போய் நின்றது கோயில் வாசலில் அல்ல, சீனிச்சாமி வீட்டு வாசலில். அவன் மூன்றே கேள்வி கேட்பான். எங்கே விழுந்தது, எத்தனை மணிக்கு விழுந்தது, தண்ணீர் கலங்கலா தெளிவா. பதிலைக் கேட்டுவிட்டுச் செத்த நேரம் கண்ணை மூடி நிற்பான். பிறகு, "ரயில் பாலத்துக்குக் கீழ ரெண்டாவது தூணுல ஒதுங்கியிருக்கும், போய்ப் பாரு" என்பான். ஆடு அங்கேதான் ஒதுங்கியிருக்கும். செத்துத்தான் ஒதுங்கியிருக்கும், அதற்கு அவன் என்ன செய்ய முடியும்? செருப்பு, பித்தளைக் குடம், பந்தல் மூங்கில், ஒரு தடவை சேத்தூர்க் கல்யாண வீட்டு ஜமுக்காளம் என்று ஆறு எதைக் கொண்டுபோனாலும் எங்கே கொண்டுபோய்ப் போட்டிருக்கும் என்று சொல்லிவிடுவான். பன்னிரண்டு வருசத்தில் ஒரு தடவைகூட அவன் சொல் தவறியதில்லை. ஊர் அவனை நம்பியதில் தப்பே கிடையாது. பின்னால் நடந்ததற்கெல்லாம் அந்த நம்பிக்கைதான் காரணம் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

அந்த ஆற்றையும் சொல்ல வேண்டும். ராஜபாளையத்துக்குத் தென்மேற்கே, சேத்தூர் மலைக்குள், நாலைந்து ஊற்றுகள் ஒன்றுசேர்ந்து புறப்படுகிற ஆறு. மலைக்குள் பாறையில் வழுக்கிக்கொண்டு வருவதால் அங்கே அது வழுக்கியாறு. அடிவாரத்தில் இறங்கியதும் மேலாறு. தென்காசி ரோட்டுப் பாலத்தைத் தாண்டினால் மணலாறு. ரயில் பாலத்துக்குக் கிழக்கே கரிசல்காட்டு ஆட்கள் அதை ஆறு என்றே ஒப்புக்கொள்வதில்லை, பெரியோடை என்பார்கள். கடைசியில் வெம்பக்கோட்டைப் பக்கம் வைப்பாற்றில் விழுந்து, இருந்த பேரையெல்லாம் தொலைத்துவிட்டு, சாத்தூர் வழியாகக் கடலுக்குப் போகும். பொதுப்பணித்துறை ஆபீஸ் வரைபடத்தில் இந்தப் பேர்கள் எதுவும் கிடையாது. வைப்பாற்றின் துணையாறு என்று மட்டும் போட்டு ஒரு நம்பர் கொடுத்திருப்பார்கள்.

"துணையாறாம்லா! வருசத்துல பத்து மாசம் தனக்கே சொட்டுத் தண்ணி கெடையாது, இது இன்னொருத்தனுக்குத் துணைக்குப் போகுதாம்" என்று சீனிச்சாமியின் மச்சான் சங்கையா சிரிப்பார்.

சங்கையாவுக்கு ராஜபாளையத்தில் நூல் மில் வேலை. மிஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பழகிய குரல். மெதுவாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர் பேசுவது மூன்று வீட்டுக்குக் கேட்கும். பகல் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வரும்போது தெருமுனையிலேயே "பேச்சீ...!" என்று ஒரு குரல் கொடுப்பார். அவர் பெண்டாட்டி முத்துப்பேச்சி அடுப்படியில் இருந்தாலும் கொல்லையில் இருந்தாலும் ஓடிவந்து கதவைத் திறக்க வேண்டும். "மணி நாலரை ஆயிருச்சு, மில்லு ஊதிருச்சு" என்று தெருப் பெண்கள் கேலி செய்வார்கள். பேச்சிக்கு வெட்கமாக இருக்கும், ஆனால் அந்தக் குரல் ஒரு நாள் தாமதமானால் வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்துகொண்டே இருப்பாள்.

முத்துப்பேச்சி சீனிச்சாமியின் தங்கை. தாயும் தகப்பனும் ஒரே வருசத்தில் போனபோது அவனுக்குப் பதினாறு வயது, அவளுக்கு ஏழு. அவன்தான் சோறு பொங்கினான், தலை பின்னிவிட்டான், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினான். பின்னல் கோணலாக இருக்கும் என்று அவள் அழுவாள். அவளைக் கட்டிக்கொடுத்த பிறகுதான் அவனே கல்யாணம் செய்துகொண்டான். உலகத்தில் அவனுக்குத் தன் உயிர் என்று ஒன்று இருந்தால் அது தங்கைதான் என்று அவன் பெண்டாட்டி வெள்ளத்தாயே சொல்வாள், கொஞ்சம் எரிச்சலோடு.

ஊருக்கு மேற்கே ஆற்றின் குறுக்கே ஒரு சின்ன அணைக்கட்டு. அதன் தெற்கு ஓரத்தில் தலைமதகு. இரும்புப் பலகையைத் தூக்கிவிட்டால் ஆற்றுத் தண்ணீர் கால்வாயில் திரும்பி ஒன்றரை மைல் ஓடி ஆலங்கரைக் கண்மாயில் விழும். பலகையை இறக்கிவிட்டால் அணைக்கட்டைத் தாண்டி நேராக ஆற்றோடு போகும். இந்தப் பலகையைத் தூக்குவதும் இறக்குவதும், எது செய்தாலும் நோட்டில் எழுதுவதும்தான் சீனிச்சாமியின் வேலை. லஸ்கர் என்று அதற்குப் பேர். எண்பதில் தினக்கூலியாகச் சேர்ந்து, பன்னிரண்டு வருசம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் மனுவோடு அலைந்து, தொண்ணூற்றிரண்டு ஆகஸ்டில்தான் நிரந்தரம் என்ற ஆர்டர் கைக்கு வந்தது. அந்தக் காகிதத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தான்.

ஆர்டர் வந்த அதே மாசம் இன்னொரு உத்தரவும் வந்தது. கண்மாய்க் கரை ஓரிடத்தில் சரிந்து கிடந்தது. அதைக் கட்டி முடிக்கும்வரை தலைமதகைத் திறக்கவே கூடாது, வெள்ளம் புகுந்து கரை உடைந்தால் கீழே இருக்கிற தெருக்கள் போய்விடும் என்று சின்ன இன்ஜினீயர் ராஜரத்தினம் நேரில் வந்து சொன்னார். சீனிச்சாமி தலையாட்டினான்.

ஐப்பசி பிறந்தும் ஊருக்குள் சரியான மழை இல்லை. முத்துப்பேச்சி நாற்றுப் பாவியிருந்தாள். மூன்று வருசமாக விளையாத வயல். ஒரு நாள் சாயங்காலம் அவன் வாசலுக்கு வந்து, நாலு பேர் பார்க்க, கெஞ்சினாள்.

"அண்ணே, நாத்து கருகுது. ஒரு பொழுது மட்டும் மதகத் தூக்கிவிடேன். ஆத்துல ஓடுற கொஞ்சத் தண்ணி திரும்பினாக்கூட எங்க மடைக்கு எட்டிரும்."

"கரை வேலை முடியாம திறக்கக் கூடாதுன்னு ஆர்டர். ஒனக்குத் திறந்தா ஊரே வந்து வரிசையில நிக்கும். போடி, போய் வேலையப் பாரு."

"சரிங்க சர்க்காரு" என்று முகத்தைக் கோணிக்காட்டிவிட்டு அவள் போனாள். போகும்போது கண்ணைத் துடைத்ததை அவன் பார்த்துவிட்டான். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் யாருக்கும் தெரியாமல் போய்ப் பலகையை முழுசாகத் தூக்கிவிட்டான். ஆற்றில் கணுக்கால் தண்ணீர்தான் ஓடியது. வானத்தில் மேகமில்லை. சாயங்காலம் வந்து இறக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டான். நோட்டில் வழக்கம்போல "தலைமதகு அடைப்பு" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு சேத்தூருக்குப் போய்விட்டான்.

ஊருக்குள் வெயில் அடிக்கும்போதே மலைக்குள் மழை கொட்டும், அது எந்த நேரமும் ஆற்றில் இறங்கும் என்பது அவன் நூறு பேருக்குச் சொன்ன பாடம்தான். அன்றைக்கு அது அவனுக்கே மறந்துபோயிற்று.

நாலேகால் மணி வாக்கில் அவன் சேத்தூரிலிருந்து திரும்பி ஊர் எல்லைக்கு வந்தபோது, மாடு மேய்க்கிற பொன்னுராஜ் எதிரே ஓடிவந்தான்.

"அண்ணே, ஆறு வந்திருச்சு! சங்கையா மச்சான் தரைப்பாலத்துல பாதி வந்துட்டாரு. சைக்கிளத் தூக்கித் தோள்ல வச்சாரு. அம்புட்டுத்தான் பாத்தேன். ஆளக் காணோம்!"

தரைப்பாலம் அணைக்கட்டுக்குக் கூப்பிடு தூரம் மேலே இருந்தது. பொன்னுராஜை ஊருக்குள் ஆள் கூப்பிட அனுப்பிவிட்டு சீனிச்சாமி ஓடினான். ஆறு இரண்டு கரையும் தொட்டு, செம்மண் நிறத்தில், மரத்தையும் குப்பையையும் சுருட்டிக்கொண்டு போயிற்று. திறந்து கிடந்த மதகுக்குள் பாதி ஆறு புகுந்து கால்வாயில் பாய்ந்துகொண்டிருந்தது. அந்த இடத்தில் நின்று அவன் முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? தண்ணீரில் மச்சான் தலை தெரிகிறதா என்று பார்க்கவில்லை. பலகையைத் திருகி இறக்குகிற மதகுச் சாவியை எடுத்து, உள்ளங்கை தோல் உரிய, பலகையை இறக்கினான். முழுசும் அடைந்த பிறகுதான் திரும்பி ஆற்றைப் பார்த்தான். சாகிறவரை அவனால் தன்னை மன்னிக்க முடியாத காரியம் அது.

அரை மணி நேரத்தில் ஊரே திரண்டுவிட்டது. மலையில் மழை என்று கேள்விப்பட்டு இன்ஜினீயர் ராஜரத்தினமும் ஜீப்பில் வந்து சேர்ந்தார். முத்துப்பேச்சி அண்ணன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "எங்கண்ணே ஒதுங்கியிருப்பாரு? ஒனக்குத்தான் தெரியுமே, சொல்லுண்ணே, எங்க போய்ப் பாக்க?" என்று உலுக்கினாள்.

"தலைமதகு அடைச்சுத்தானே இருந்துச்சு?" என்று இன்ஜினீயர் கேட்டார். அவர் கேட்டது கரையை நினைத்து. கேள்விக்கு இருந்த இன்னொரு அர்த்தம் சீனிச்சாமிக்கு மட்டும்தான் தெரியும். மதகு அடைத்திருந்தால் மச்சான் ஆற்றோடு கிழக்கே போயிருக்க வேண்டும். திறந்திருந்தால் கண்மாய்க்குள்.

"அடைச்சிருந்துச்சு சார். காலையிலயே."

நோட்டையும் காட்டினான். எல்லோரும் கிழக்கே திரும்பினார்கள்.

இப்படிச் சொன்னவனை ராட்சசன் என்று நினைக்க வேண்டாம். இத்தனை பெரிய வெள்ளத்தில் ஓர் ஆள் மதகை நோக்கித் திரும்பவே மாட்டார், நடு ஆற்று வேகம் நேரே இழுத்துக்கொண்டுதான் போகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். முக்கால்வாசி நம்பவும் செய்தான். எதற்கும் கண்மாயை ஒரு எட்டுத் தனியாகப் போய்ப் பார்த்துவிடலாம் என்றும் நினைத்தான். விட்டார்களா? "சீனி, நீ முன்னால நட. நீ சொல்லுற எடத்துல எறங்குதோம்" என்று நாற்பது ஆம்பளைகள் அவன் பின்னால் கயிறும் கம்புமாக நின்றார்கள். தங்கை கையெடுத்துக் கும்பிட்டாள். அவன் நடந்தான்.

அன்று இருட்டும்வரை தென்காசி ரோட்டுப் பாலம்வரை தேடினார்கள். சனிக்கிழமை விடியும்போது ஊருக்குள்ளும் மழை பிடித்துக்கொண்டது. கண்மாயில் கிடந்த தண்ணீரை மழைத் தண்ணீர் என்றே ஊரில் நினைத்தார்கள். ஆற்றைத் தேடுகிறவனுக்கு ஆறு ஒரே ஆறு அல்ல. மணலாற்று வளைவில் அது தெற்குக் கரையைக் குடைந்து வைத்திருக்கும், அங்கே வேர்களுக்குள் கம்பு விட்டுத் துழாவ வேண்டும். ரயில் பாலத்துத் தூண்களில் சுழி. அதற்குக் கிழக்கே இரண்டு ஓடைகள் வந்து சேருகிற இடத்தில் வேகம் செத்து, கொண்டுவந்ததையெல்லாம் மணல் திட்டில் கொட்டிவிடும். எதுவும் தப்பாத இடம் என்று சீனிச்சாமி சத்தியம் செய்கிற இடம் அது. அங்கே சங்கையாவின் சைக்கிள் கிடந்தது. முன்சக்கரம் வளைந்து, டிபன் தூக்கு இல்லாமல்.

"ஆளும் இங்கிட்டுத்தான்!" என்று எல்லோரும் கத்தினார்கள். சீனிச்சாமிக்கு அப்போது ஏற்பட்ட ஆறுதலைச் சொல்லவே கூசுகிறது. மச்சான் செத்தாலும் பரவாயில்லை, ஆற்றில் செத்திருக்கட்டும் என்று அவன் நெஞ்சு கும்பிட்டது. சைக்கிளை ஆறு பிடுங்கிக்கொண்ட இடமும் ஆளைப் பிடுங்கிக்கொண்ட இடமும் வேறு வேறாக இருக்கலாம் என்பது ஆட்டைத் தேடும்போது அவனுக்குத் தோன்றியிருக்கும். இப்போது தோன்றாதபடி அவனே அடைத்துவைத்தான்.

திட்டு முழுவதும் தோண்டிப் பார்த்தார்கள். ஆள் இல்லை. அந்தத் திட்டு எதையும் தவறவிட்டதில்லையே என்று ஒருவன் முணுமுணுத்தபோது சீனிச்சாமி காதில் விழாதது மாதிரி முன்னால் நடந்தான். பெரியோடைக் கரிசலில் முழங்கால்வரை புதைந்து, ஒரு கோயில் மண்டபத்தில் ஈரத் துணியோடு படுத்து எழுந்து, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வெம்பக்கோட்டை அணைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அதற்கு மேல் தேட ஆறு இல்லை. பல ஆறுகளின் தண்ணீர் ஒன்றாகிக் கிடந்தது. சிலர் உட்கார்ந்து அழுதார்கள்.

அங்கேதான் ராஜபாளையம் பஸ்ஸிலிருந்து பொன்னுராஜ் இறங்கி வந்தான். சங்கையா கிடைத்துவிட்டாரா என்று கேட்கக்கூட இல்லை.

"அண்ணே, ஒடனே ஊருக்கு வாங்க. பேச்சி அக்காவ வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டியிருக்கு. கண்மாய்க்குள்ளருந்து அவிய கூப்பிடுதாக, எம் பேரச் சொல்லிக் கூப்பிடுதாகன்னு நேத்துக் காலையில இருந்து ஒரே கத்து. சாயங்காலம் மழை செத்த விட்டதும் ஓடிப்போய்த் தண்ணிக்குள்ள எறங்கிட்டா. பக்கத்து வீட்டுச் சுடலையம்மாள் பெரியம்மாவும் நாலு பொம்பளையும் சேர்ந்து இழுத்துட்டு வந்தாக. பேய் பிடிச்சிருக்குன்னு வேப்பங்குழை அடிச்சும் பாத்தாச்சு. அடங்கல."

"வேற யாருக்காச்சும் அந்தக் கூப்பாடு கேட்டுச்சா?"

பொன்னுராஜ் கீழே பார்த்தான். "எல்லாருக்கும் கேட்டுச்சுண்ணே. எனக்கும் கேட்டுச்சு. அதான் பயந்து பூட்டினோம். ஆத்தோட போன மனுசன் குரல் கண்மாய்ல கேட்டா அது நல்லதா? பதில் குடுத்தா அவளையும் கூட்டிட்டுப் போயிரும்னு பெரியம்மா சொல்லுச்சு. அக்கா, 'இல்ல, உசுரோட இருக்காக'ன்னு கால்ல விழுந்து கும்பிடுதா. 'ஒங்கண்ணன் சீனியே ஆத்துலன்னு சொன்ன பொறவு கண்மாய்க்கு எப்பிடிட்டி வருவாரு? ஒங்கண்ணன் பொய்யா சொல்லுவான்?'னு பெரியம்மா கேட்டுச்சு."

"இன்னைக்குக் கேட்டுச்சா?"

"விடியக்காலம் ஒரே ஒரு வாட்டி. ரொம்ப மெல்ல."

பொன்னுராஜ் வந்த பஸ் ராஜபாளையம் திரும்ப நின்றுகொண்டிருந்தது. வெம்பக்கோட்டை அணை ஆபீஸ் அறைக்குள் ஒரு போன் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் சீனிச்சாமி நின்றான். பஸ்ஸில் போனால் இரண்டு மணி நேரம். போய், தேடித் தேடி அலுத்துக் கடைசியில் கண்மாயிலும் ஒரு பார்வை பார்த்த மாதிரி மச்சானை எடுத்துவிடலாம். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். போன் போட்டால் இன்ஜினீயர் ஜீப்பில் அரை மணியில் போய்விடுவார். ஆனால் என்ன சொல்லிக் கூப்பிடுவது? மதகு திறந்திருந்தது என்று சொல்லாமல் அந்தப் போனில் ஒரு வார்த்தை பேச முடியாது.

அவன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தான்.

டிரைவர் டீக்கடையில் இருந்தார். கண்டக்டர் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். முன் சீட்டுக் கம்பியைச் சீனிச்சாமி இரண்டு கையாலும் பிடித்திருந்தான். விடியக்காலம் ஒரே ஒரு வாட்டி, ரொம்ப மெல்ல. தெருமுனையிலிருந்து கொல்லைவரை கேட்கிற குரல் மெல்ல ஆவதற்கு எவ்வளவு நேரம் கத்தியிருக்க வேண்டும்? டிரைவர் இன்னொரு டீ சொன்னார். பத்து நிமிசம் இருக்கும். அந்தப் பத்து நிமிசமும் அவன் அங்கே உட்கார்ந்திருந்தான், அதை மறைத்துப் பிரயோசனமில்லை. பிறகு எழுந்து குதித்து ஆபீசுக்கு ஓடினான். நாற்பது பேரும் வாசலில் கூடிவிட்டார்கள். அவர்கள் கேட்கக் கேட்கத்தான் பேசினான்.

"சார், லஸ்கர் சீனிச்சாமி பேசுதேன். ஆலங்கரைத் தலைமதகு அன்னைக்கு முழுசாத் திறந்து கெடந்துச்சு. நாந்தான் திறந்தேன். மச்சான் விழுந்த பொறவுதான் அடைச்சேன். அவரு கண்மாய்க்குள்ள உசுரோட இருக்காரு சார். லாரி டியூப்பு, கயிறு, எது கெடைக்கோ எடுத்துட்டுப் போங்க. என்னையப் பொறவு பாத்துக்கிடுங்க."

"நோட்டுல அடைப்புன்னு எழுதியிருக்கேய்யா?"

"பொய் சார். நோட்டும் பொய், நானும் பொய். போங்க சார், சீக்கிரம் போங்க!"

வாசலில் நின்றவர்களில் ஒருவர்கூட அவனை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கண்மாய்க்கு நடுவே வனத்துறைக்காரர்கள் போட்ட கருவேல மரங்கள் கழுத்துவரை தண்ணீரில் நின்றன. அதில் ஒன்றின் கவட்டையில் சங்கையா இருந்தார். வேட்டியால் தன்னை மரத்தோடு கட்டிவைத்திருந்தார். உடம்பு முழுக்க முள் கீறல். டிபன் தூக்கின் மேல் மூடியால் மழைத் தண்ணீர் பிடித்துக் குடித்திருக்கிறார். லாரி டியூபில் போனவர்கள் தொட்டபோது அவர் கண் திறந்திருந்தது, வாயும் அசைந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. சீனிச்சாமி ஊர் போய்ச் சேர்ந்தபோது அவரை ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

ஒன்பது நாள் அவருக்குப் பேச்சு வரவில்லை. பத்தாம் நாள் காலையில் வந்தது. முத்துப்பேச்சி அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். சீனிச்சாமி கதவோரம் நின்றான், உள்ளே வரத் துணிச்சல் இல்லாமல்.

"நீ கரையில வந்து நின்ன. செவப்புச் சேலை. நாம் பாத்தேன்" என்றார் சங்கையா. மில்லின் அத்தனை மிஷினையும் மீறிய குரல், இப்போது காற்று மாதிரி வந்தது. "கூப்பிட்டேன். நீ திரும்பிப் போயிட்ட."

"என்னையப் பிடிச்சு இழுத்தாகய்யா! நான் எறங்கினேன், இடுப்புவரை எறங்கினேன், என்னையக் கட்டிப் பூட்டிட்டாகய்யா!"

"சரி" என்றார்.

சீனிச்சாமி ஓடிவந்து கட்டிலோரம் விழுந்தான். "எல்லாம் நாந்தான் மச்சான். நாஞ் சொன்ன பொய்யி. அவ மேல ஒண்ணும் இல்ல."

"தெரியும் மாப்ள. வேலைக்குப் பயந்துட்ட. யாருக்குத்தான் பயமில்ல?" என்று அவன் தலையில் கை வைத்தார்.

இதில் ஏதாவது நியாயம் இருக்கிறதா? பொய் சொன்னவனுக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது. தண்ணீருக்குள் இறங்கியவளுக்குச் சரி என்ற ஒரு வார்த்தை. சங்கையா கெட்ட மனுசன் இல்லை. பெண்டாட்டியை அவர் திட்டவில்லை, குறை சொல்லவில்லை. நடந்தது எல்லாம் அவருக்கு அறிவில் விளங்கியது. ஆனால் இரண்டு இரவும் ஒரு பகலும் ஒரே பேரைக் கத்திக் கத்தி அது அவருக்குள் எங்கோ அறுந்துபோயிற்று.

விசாரணை நடந்தது. தொண்ணூற்று மூன்று பங்குனியில் சீனிச்சாமியை வேலையை விட்டு நீக்கினார்கள். சாமி படத்துக்குப் பின்னால் இருந்த காகிதத்தை அவனே எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தான். வெள்ளத்தாயோடு ராஜபாளையத்துக்குக் குடிபோய், ஒரு பஞ்சு குடோன் வாசலில் காவலுக்கு உட்கார்ந்தான். கண்மாய்க் கரையைக் கட்டி முடித்தார்கள். ஆலங்கரையில் அதற்கப்புறமும் ஆடுகள் ஆற்றில் போயின. யாரும் அவனைத் தேடி வரவில்லை.

தொண்ணூற்றேழு ஐப்பசியில் ஒரு மத்தியானம் முத்துப்பேச்சி குடோன் வாசலுக்கு வந்தாள். ஐந்து வருசத்தில் முதல் தடவை. அவன் எழுந்து நின்றான். அவள் உட்காரவில்லை, தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை.

"நல்லா இருக்கியாத்தா? மச்சான் எப்பிடி இருக்காரு?"

"வேலைக்குப் போறாக. குரலு பழையபடி வந்திருச்சு. மில்லுல கத்துதாகளாம்." வெயிலுக்கு முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டாள். "தெருமுனைக்கு வந்ததும் சைக்கிள் மணிய அடிக்காக. நான் போய்க் கதவத் திறக்கேன். அஞ்சு வருசமா மணிதாண்ணே. ஒரு வாட்டிகூட எம் பேர் சொல்லிக் கூப்பிடல. சோறு போடுன்னு சொல்லுதாக, தண்ணி குடுன்னு சொல்லுதாக, பேரு வாயில வரமாட்டேங்கு. கேட்டா, 'வரல, நான் என்ன செய்ய'ன்னு அழுதாக."

சீனிச்சாமி கையைப் பிசைந்தான். நான் வந்து பேசட்டுமா என்றான். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"பேசி என்ன ஆகப்போகுது? ஊருல ஆறு கொண்டுபோன ஆட்டுக்குட்டி, செருப்பு, சட்டி எல்லாம் எங்க கெடக்குன்னு சொல்லிக் குடுத்தியே. எம் பேரு அந்தக் கண்மாய்க்குள்ள விழுந்து கெடக்குண்ணே. எங்கிட்டுக் கெடக்குன்னு பாத்து எடுத்துக் குடு."

பழக்க தோசத்தில் அவன் வாய் திறந்துவிட்டது. எங்கே விழுந்தது, எத்தனை மணிக்கு, கலங்கலா தெளிவா. மூன்றுக்கும் பதில் அவனுக்கே தெரியும். ரோட்டில் லாரி ஒன்று ஹாரன் அடித்தது, கேட்டைத் திறக்கச் சொல்லி. அவன் அசையவில்லை. அண்ணன் என்ன சொல்லப்போகிறான் என்று முத்துப்பேச்சி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.